கடைசிக் கோடு

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் சார், என் பக்கம் வெயில் அடிக்கிறது. வேலூர் பஸ்ஸா? வரும். ஆனால் போர்டில் எழுதியிருக்கிற நேரத்துக்கு வராது. நானும் இந்தக் கூட்டு ரோட்டில் ஐம்பது வருஷமாக நிற்கிறேன்.

கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், மடியில் புத்தகம் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். புண் இல்லை சார், தொடலாம். பச்சை குத்தியது. முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நேராக ஒரு கோடு. அதன் மேல் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். இங்கே ஐந்து. இங்கே இரண்டு, சாய்வாக. இது எழுத்து சார். வெள்ளைக்கார தேசத்தில் கெல்ட்டு என்று ஒரு பழைய ஜனம் இருந்ததாம், அவர்களுடைய எழுத்து. இரண்டு வாத்தியார், ஒரு போஸ்ட்மேன், ஒரு பல் டாக்டர் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் மூன்றாவது வரை. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

இன்னும் ஒரே ஒரு எழுத்து பாக்கி. அமாவாசைக்கு அமாவாசை ஒரு எழுத்து. இன்றைக்கு அமாவாசை. என் தம்பி மகன் வந்துகொண்டிருக்கிறான். கடைசிக் கோட்டைப் போட்டதும் அர்த்தம் சொல்கிறேன் என்றிருக்கிறான். அதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டால் தேவலை என்று பார்க்கிறேன். பயம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டால் தேவலை, அவ்வளவுதான்.

என் பேர் தணிகாசலம். தம்பி பேர் வேதாசலம். எங்கள் ஊரை இந்தப் பக்கம் மிலிட்டரி ஊர் என்பார்கள். வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருப்பான். பெண் கேட்டு வந்தால் காணி எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள், எந்த ரெஜிமெண்ட் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் மாடு ஓட்டினேன்.

ஆள் எடுக்க வந்த வருஷம் எனக்கு இருபது, அவனுக்குப் பதினெட்டு. அளந்தபோது இருவருக்கும் மார்பு விரிந்தது, இருவரும் ஓடினோம். எங்கள் அப்பா, இரண்டு பேரும் போய்விட்டால் மாட்டைப் பூட்டிக் கிணற்றில் கவலை இறைப்பது யார் என்றார். மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு அரளி வந்தால் பெரியவன் போவான், வெள்ளை வந்தால் சின்னவன். இரண்டு பொட்டலம். பூசாரி மகள், மூன்று வயதுக் குழந்தை, ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை சார். அப்பா அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார். அதிலும் வெள்ளைதான் இருந்தது. எனக்குத் தெரியும். சின்னவன் என்றால் அவருக்கு உயிர். நாற்பத்தொரு வருஷமாகச் சொல்கிறேன், அதிலும் வெள்ளைதான்.

தம்பி போனான். ஜபல்பூர் என்றான், லே என்றான், பனியில் நிற்கிற போட்டோ அனுப்பினான். நான் இங்கே கிணற்றடியில் நின்றேன். பென்ஷனோடு வந்து மாடி வீடு கட்டினான். கேட்டில் இரண்டு துப்பாக்கியைக் குறுக்கே வைத்த மாதிரி சிமெண்டில் செய்து வைத்தான். மாசா மாசம் மிலிட்டரி கேன்டீனிலிருந்து எனக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுப்பான். "அண்ணா, உடம்பு வலிக்கு" என்பான். வாங்கிக்கொள்வேன். குடித்துவிட்டு அவன் வீட்டைப் பார்த்துத் திட்டுவேன். அவன் ஜன்னலைச் சாத்திக்கொள்வான். மறு மாசமும் கொண்டுவருவான். அப்படிப்பட்ட ஆள் சார் அவன். நம்மைக் கெட்டவனாகக் காட்டுவதிலேயே குறியாக இருப்பான்.

அவனுக்கு ஒரே மகன். பட்டாளத்தில் தம்பியின் மேலதிகாரி ஒரு சர்தார், அவர் பேரை வைத்தான், ரஞ்சித் என்று. எனக்குப் பிள்ளை இல்லை. பையன் என் மேல்தான் வளர்ந்தான். நீச்சல் நான்தான் கற்றுக்கொடுத்தேன், எங்கள் கிணற்றில். பெரியப்பா பெரியப்பா என்று காலைச் சுற்றுவான். நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

அவனுக்கும் பட்டாளம்தான் கனவு. விடிகாலையில் எழுந்து இந்த ரோட்டில்தான் ஓடுவான். இரண்டு தடவை போனான். ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை ஓட்டத்தில் நாலு செகண்ட். மூன்றாவது தடவை, அதுதான் கடைசி. அதைத் தாண்டினால் வயசு போய்விடும். தம்பி தூங்கவில்லை. பையன் ஓடும்போது இவனும் சைக்கிளில் பின்னாலேயே வருவான், கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு. பார்க்கவே சிரிப்பாக இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். நல்லதுதான் செய்தேன். வேலூரில் பச்சை குத்துகிற கடை ஒன்று இருந்தது. ஸ்டான்லி என்று ஒருவன் வைத்திருந்தான். ஏசி, சோபா, எல்லாம் இருக்கும். பையனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். என் செலவு. "பட்டாளத்துக்குப் போற ஆளு, உடம்புல ஒரு காப்பு இருக்கணும்டா" என்றேன். தம்பி அந்த வாரம் பென்ஷன் விஷயமாக மெட்ராஸ் போயிருந்தான். அவன் ஊரில் இல்லாதது தற்செயல்தான்.

ஸ்டான்லி ஒரு ஆல்பம் கொடுத்தான். எல்லாம் கெல்ட்டுச் சின்னம். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் அர்த்தம் எழுதி ஒட்டியிருந்தான். பையன் படித்துச் சொன்னான். மூன்று சுருள் ஒன்றாகச் சுற்றினால் மண், கடல், வானம். வேரும் கிளையும் வட்டமாகச் சேர்ந்த மரம் ஒன்று, அது செத்தவர்களையும் இருப்பவர்களையும் கட்டிவைக்கிற மரமாம். இரண்டு கை ஒரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலே கிரீடம், அது கல்யாணத்துக்கு. நம் ஊர்ச் சிக்குக் கோலம் மாதிரியே எல்லாம். தொடங்கின இடம் தெரியாது, முடிகிற இடம் தெரியாது.

ஒரு பக்கத்தில் நாலு மூலை வைத்த முடிச்சு. பையன் அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கேடய முடிச்சு பெரியப்பா. சண்டைக்குப் போறவங்க கேடயத்துல வரைவாங்களாம். அடிபட்டுக் கிடக்கறவன் பக்கத்துலயும் போட்டு வைப்பாங்களாம். கெட்டது எதுவும் இந்த நாலு மூலையைத் தாண்டி வராதாம்."

"அதுதான்டா உனக்கு" என்றேன்.

ஸ்டான்லி, "எங்க குத்தலாம்? முன்னங்கை உள்பக்கம் எடுப்பா இருக்கும்" என்றான்.

நான் சிரித்தேன். "உள்பக்கம் எதுக்குப்பா? கேடயத்தை உள்ளங்கையில மூடிக்கிட்டா சண்டைக்குப் போவாங்க? தோள்ல போடு. பெரிசாப் போடு."

"தம்பி என்ன சொல்றீங்க?" என்று ஸ்டான்லி அவனைக் கேட்டான்.

"பெரியப்பா சொன்னாச் சரி" என்றான் ரஞ்சித். சட்டையைக் கழற்றினான். மூன்று மணி நேரம். முகத்தைச் சுளிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

வரும்போது சொன்னேன், "செலக்‌ஷன் ஆகற வரைக்கும் முழுக்கைச் சட்டையே போடு. அப்பனுக்குச் சொல்லாத. ஆச்சரியமா இருக்கட்டும்." பிள்ளைக்கு அப்பன் மேல் ஒரு ஆசை இருக்குமில்லையா, அதற்காகச் சொன்னேன்.

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். பட்டாளத்து விதி எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் மூன்றாவது படித்தவன். ஆள் எடுக்கிற கிரவுண்டில் பதினொரு சீசன் தண்ணீர் டிரம் பார்த்துக்கொண்டேன், அது உண்மை. காண்ட்ராக்டர் என்னை எப்போதும் டாக்டர் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் போடுவார், அதுவும் உண்மை. பையன்கள் ஓடி முடித்து, பள்ளம் தாண்டி, மார்பு அளந்து, கடைசியாக அங்கே வந்து சட்டையைக் கழற்றுவார்கள். முன்னங்கையின் உள்பக்கம் அம்மா பேர் குத்தியிருந்தால் விட்டுவிடுவார்கள். தோளில் சிங்கம், மார்பில் காதலி பேர், முதுகில் றெக்கை, இவர்களையெல்லாம் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அழுதுகொண்டே வந்து என்னிடம் தண்ணீர் கேட்பார்கள். பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்ப்பது வேறு, தெரிவது வேறு இல்லையா? வேலையில் இருக்கும்போது மனுஷன் எதையெல்லாம் யோசிப்பான்?

அன்றைக்கு ரஞ்சித் முதல் கூட்டத்தில் ஓடி வந்தான். இரண்டாவதாக வந்தான். கம்பியில் பத்துத் தடவை ஏறினான். எல்லாம் பாஸ். கூடாரத்துக்கு வந்தான். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். சட்டையைக் கழற்றினான்.

டாக்டர் ஒரு நிமிஷம் அந்தத் தோளையே பார்த்தார். பக்கத்திலிருந்த தமிழ் ஹவில்தார்தான் பேசினார். "உங்கப்பா எக்ஸ் சர்வீஸ்மேன்னு ஃபாரத்துல போட்டிருக்க. அவர் சொல்லலையா உனக்கு?"

ரஞ்சித் தோளைக் கையால் மூடிக்கொண்டான்.

"யாருடா குத்தச் சொன்னது இங்க?"

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். டிரம், டம்ளர், என் கை, அப்புறம் என் முகம். அந்த வரிசையில் பார்த்தான். என் பேரைச் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். "தண்ணி குடுங்க பெரியப்பா." கொடுத்தேன். அண்ணாந்து முழுவதும் குடித்தான். "இங்கதான் நிப்பீங்களா, எப்பவும்?" என்று கேட்டான். "ஆமாம்டா, பதினொரு வருஷமா" என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

அவ்வளவுதான் சார் நடந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. தம்பிதான் அப்படியே முடங்கிவிட்டான். கேட்டுக்கு வெளியே வருவதில்லை. பாட்டிலும் நின்றுபோய்விட்டது. பாருங்கள், ஒரு கஷ்டம் வந்தால் மனுஷன் குணம் தெரிந்துவிடும். அண்ணனுக்குக் கொடுக்கிற ஒரு பாட்டிலை நிறுத்திவிட்டான்.

ஆனால் பையன் தங்கம். ஸ்டான்லியிடமே வேலைக்குச் சேர்ந்தான். பூசணிக்காய்த் தோலில் கோடு போட்டுப் பழகினான். ஆறே மாசத்தில் தொழில் படிந்துவிட்டது. ஸ்டான்லி கோவாவுக்குப் போனதும் கடை இவன் கைக்கு வந்தது. கெல்ட்டு என்றால் பைத்தியம். போனில் படிப்பான், நோட்டில் வரைவான். எனக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. வந்தால் சிரிப்பான். என் பெண்டாட்டி பட்டம்மாள்தான், "அவன் வாய்தான் சிரிக்குது, கண்ணு உன்னையே அளக்குது" என்பாள். பொம்பளைகளுக்கு அப்படி ஒரு பார்வை.

போன ஆடி அமாவாசைக்கு வந்தான். "பெரியப்பா, எனக்கு நீங்க ஒண்ணு எடுத்துக் குடுத்தீங்க. உங்களுக்கு நான் ஒண்ணு எடுத்துக் குடுக்கறேன்."

"எனக்கு எதுக்குடா இந்த வயசுல?"

"அர்த்தம் சொல்லி நீங்க எனக்குப் போட்டீங்க. அர்த்தம் சொல்லாம நான் உங்களுக்குப் போடறேன். முடிஞ்சதும் சொல்றேன்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் சார். பிள்ளை இல்லாதவனுக்கு யார் வந்து இப்படிச் செய்வார்கள்? கையை நீட்டினேன். முன்னங்கையைத் திருப்பினான். "உள்பக்கமாடா?" என்றேன்.

"உள்பக்கம்தான் பெரியப்பா. உள்பக்கம் குத்தினா எந்த வேலைக்கும் தடை கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

முதல் அமாவாசைக்கு அந்த நீளக் கோடு. அடுத்ததற்கு ஒரு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மரத்தின் பேராம் அந்த ஜனத்திடம். "இது என்ன மரம்?" என்று கேட்பேன். அதை மட்டும் சொல்வான். புன்னை மாதிரி ஒரு பேர், வேலமரம் மாதிரி ஒரு பேர், ஒன்றும் மனசில் நிற்காது. வலிக்காது, பூ மாதிரிக் கை அவனுக்கு. துடைத்து, மருந்து தடவி, "இன்னும் அஞ்சு இருக்கு பெரியப்பா" என்பான். "இன்னும் நாலு." போன மாசம், "இன்னும் ஒண்ணே ஒண்ணு."

இது பேப்பரில் எழுதுகிற எழுத்து இல்லையாம். கல்லில் வெட்டுவார்களாம். ஆள் உயரத்துக்குக் கல்லை நட்டு, அதன் ஓரத்தில் கீழேயிருந்து மேலே வெட்டிக்கொண்டு போவார்களாம். "எதுக்குடா?" என்றேன். "யாரோடது அந்த இடம்னு தெரியறதுக்கு" என்றான். நம்மிடமும் இருக்கிறதே சார். எங்கள் ஏரிக்கரையில் வேடியப்பன் கல் இருக்கிறது. என்றைக்கோ சண்டையில் செத்த வீரனுக்கு நட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைப்போம். எங்கள் பக்கம் சும்மா யாரும் கல் நடமாட்டார்கள்.

பையன் ஒன்று நட்டிருக்கிறான். என் கிணற்றடியில். தை மாசம் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினான். "வரப்புக்கு எல்லை பெரியப்பா" என்றான். பொறுப்பான பையன். மாட்டைக் கட்ட வசதியாகத்தான் இருக்கிறது. போன வாரம் மாட்டை அவிழ்க்கும்போது பார்க்கிறேன், கல்லின் ஓரத்தில் கோடுகள். ஐந்து, அப்புறம் சாய்வாக இரண்டு. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். அதிலும் கடைசி எழுத்து இல்லை.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. பட்டம்மாளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் ராத்திரியோடு ராத்திரியாக என் தம்பி வீட்டுப் படி ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் வேதாசலம் வந்தான் சார். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் என் வாசலில் நிற்கிறான். மெலிந்துபோயிருந்தான். என் கையைப் பிடித்துத் திருப்பினான். அந்தக் கோடுகளை விரலால் தடவினான். எண்ணுகிற மாதிரி இருந்தது.

"என்னடா எழுதியிருக்கான்?" என்றேன்.

"என்கிட்ட பேசறதில்லண்ணா அவன். நோட்டுல இதையே பக்கம் பக்கமாப் போட்டு வச்சிருக்கான்."

"அதனால?"

"இனிமே அவன்கிட்ட கையைக் குடுக்காத. நானே கேட்டுக்கறேன். கொஞ்ச நாள் பட்டம்மா அண்ணியோட அவங்க ஊருக்குப் போயிடு." என் கையை விடாமலே சொன்னான். "எனக்கு இருக்கறது நீயும் அவனும்தான்."

பொறாமை சார். வேறு என்ன? சொந்த மகன் அப்பனுக்கு ஒரு கோடு போட்டதில்லை, பெரியப்பனுக்குக் கை முழுக்கப் போடுகிறான். அது பொறுக்கவில்லை. "அன்னைக்கு அந்த வெள்ளைப் பூவை எடுத்துக்கிட்ட இல்ல, போதும் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இன்றைக்குக் கடையில் வேண்டாம் என்று பையன் போன் செய்தான். "கிணத்தடியில வச்சுக்கலாம் பெரியப்பா. மோட்டார் ரூம்ல கரண்ட் இருக்கு. கையிலயும் போட்டுட்டுக் கல்லுலயும் வெட்டிடலாம், ரெண்டும் ஒண்ணா முடியட்டும்." வீட்டுக்கு வந்தால் பெரியம்மா கத்துவாள், கூட்டு ரோட்டில் நில்லுங்கள், யாரிடமும் சொல்லவேண்டாம் என்றான். சொல்லவில்லை. பட்டம்மாளிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள்.

நிலம் பூரா இப்போது கம்பு. ஆள் நின்றால் தெரியாது, அவ்வளவு உயரம். கிணற்றில் தண்ணீர் மேல்படி வரைக்கும் நிற்கிறது, இந்த வருஷம் நல்ல மழை. பையன் வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆழம் இருக்கும் பெரியப்பா இப்ப?" என்று கேட்டான். நீச்சல் கற்ற கிணறு இல்லையா, ஆசை.

என்ன சார், போனை எடுக்கிறீர்கள்? போட்டோ பிடித்தால் அதுவே படித்துவிடுமா? கெல்ட்டுக் கூடவா? அட. இந்தாருங்கள், கையைச் சரியாகக் காட்டுகிறேன். வெயில் படாமல் பிடியுங்கள். மணிக்கட்டிலிருந்து மேலே போகவேண்டும், அப்படித்தான் அவன் எழுதினான்.

வந்துவிட்டதா?

ஏன் சார் முகம் அப்படி ஆகிறது? இருங்கள். இருங்கள். சொல்லவேண்டாம். நல்லதாகத்தான் இருக்கும். நல்லதாக இருந்தால் அவனே சொல்லட்டும், அவன் வாயால் கேட்பதுதான் எனக்குச் சந்தோஷம். போனை உள்ளே வையுங்கள். தயவு செய்து உள்ளே வையுங்கள்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். அந்த இரண்டாவது பொட்டலம் இருந்ததே, அது என் கையில் கிடைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா குளிக்க வேட்டியை அவிழ்த்தபோது என் கால்மாட்டில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை. நான் குனிந்து எடுத்திருக்கலாம். ஒரு முடிச்சுதான், வாழைநார். காலால் தள்ளினேன், சாக்கடையில் போய்விட்டது. பிரித்து, உள்ளே சிவப்பாக இருந்துவிட்டால் நான் யாரைத் திட்டுவது சார், நாற்பத்தொரு வருஷம்?

அதோ, பைக் சத்தம். அவன்தான். முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறான் பாருங்கள், இந்த வெயிலிலும். நான் சொன்னதிலிருந்து அப்படித்தான் போடுகிறான்.

வர்றேன்டா, வர்றேன். இல்லைப்பா, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். சாருக்கு வேலூர்.

சார், எழுந்திருக்காதீர்கள். ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்? விடுங்கள். பையன் பார்க்கிறான். உங்கள் பஸ் அங்கே திரும்புகிறது, நீங்கள் ஏறுங்கள்.